பூங்கொடி வேலையை விட்டு எங்கே போனாள்

கண்ணு,

நீயும் அப்பாவும் கோயமுத்தூருக்குப் பெட்டியும் செருப்பும் வாங்கப் போயிருக்கிறீர்கள். கரண்ட் போய்விட்டது, தறிக்குடோனில் சத்தம் இல்லை. தறி ஓடும்போது நான் நினைப்பதே எனக்குக் கேட்காது, அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று காகிதத்தை எடுத்தேன். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உனக்கு வேலை ஆர்டர் வந்த நாளிலிருந்து வீட்டில் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உன் அப்பா அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல்லடம் முழுக்கக் காட்டிவிட்டார். டீக்கடையில் காட்டினார், நூல் கடையில் காட்டினார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் காட்டினாராம். தொழிலாளர் துறை ஆய்வாளர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பெரிய வேலைங்க" என்று மட்டும் சொல்கிறார். பட்டறை பட்டறையாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற வேலையும் அதில் உண்டு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் பூங்கொடி விஷயத்தை முழுசாக உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. உனக்கு அதில் பாதிதான் தெரியும். நீ ஹாஸ்டலில் இருந்தாய், சனி ஞாயிறு மட்டும் வருவாய். நடுவில் இருந்த நாட்களெல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. உன்னைப் போல இந்த வேலைக்குப் போகிற வேறு பிள்ளைகள் இதைப் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இதில் மறைக்க எதுவும் இல்லை.

நீ காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சரஸ்வதி நம் குடோனில் தறி ஓட்ட வந்தாள். அவள் புருஷன் போர்வெல் லாரியில் வேலை பார்த்தான். ஆந்திரா, அதற்கும் மேலே எங்கெங்கோ போய் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். மாசக்கணக்கில் ஊருக்கு வரமாட்டான். அவர்களுக்கு ஒரே பிள்ளை பூங்கொடி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் இருந்தது. ஆறாவது படிக்க வேண்டுமென்றால் பெரிய ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏற வேண்டும். காலையில் இருட்டோடு தறிக்கு வந்துவிடுகிற தாய் அந்தப் பிள்ளையை யாரோடு அனுப்புவாள்? வீட்டில் தனியாக விடவும் பயம். அதனால் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைச் சுற்றித் தாராக்கும் தார் மெஷினில் போய் உட்கார்ந்தாள். ரெண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. உன் அப்பா அவளுக்கும் ஒரு கூலி போட்டார். சரஸ்வதி சந்தோஷப்பட்டாள். பூங்கொடியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் அம்மாவைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பஞ்சுத்தூசி படிந்த தலையோடு வந்து என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது, "அக்கா, இன்னைக்கு எந்தத் தறியும் தாரில்லாம நிக்கலைங்க" என்று பெருமையாகச் சொல்வாள்.

நீயும் அந்த மெஷினில் உட்கார்ந்தவன்தான். லீவு நாளில் தார் சுற்றுவாய், அப்பா கடலைமிட்டாய் வாங்கித் தருவார். அதனால் ஆரம்பத்தில் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் தெரிந்தது. ரோட்டில் ஏதோ கல்யாண ஊர்வலம் போனது, பேண்டு சத்தம் கேட்டது. பூங்கொடி எழுந்து வாசல் வரை ஓடிவந்தாள். உள்ளே இருந்து யாரோ தார் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவள் திரும்பி ஓடிவிட்டாள். உன் அப்பா திட்டவில்லை, யாரும் அதட்டவில்லை, அவளாகவேதான் ஓடினாள். அந்த வயதில் நீ தாரைப் போட்டுவிட்டு பந்து விளையாடப் போனால் யாரும் உன்னைக் கூப்பிட்டதில்லை. உனக்குப் பதிலாக நான் போய் உட்காருவேன். அவளுக்குப் பதிலாக உட்கார யாரும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை கைவேலை செய்வதும் அடுத்தவர் பிள்ளை கூலிக்குச் செய்வதும் ஒன்று என்று யாராவது உன்னிடம் வாதம் செய்தால், இதை நினைத்துக்கொள். செய்கிற வேலை ஒன்றாகவே இருக்கலாம். எழுந்து போக முடியுமா என்பதுதான் வேறு.

அப்போதுதான் நீ, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பற்றி உங்கள் காலேஜில் நடத்தின முகாமுக்குப் போய்விட்டு வந்தாய். வந்தவன் குடோனுக்குள் நுழைந்து பூங்கொடியைப் பார்த்தாய், அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாய். சட்டம் என்ன சொல்கிறது, பிள்ளைகளின் நுரையீரலுக்குப் பஞ்சு என்ன செய்யும் என்றெல்லாம் சொன்னாய். உன் அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் ஏழு வயசுல ஆடு மேச்சவன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சுன்னு உங்களுக்கே தெரியாதுங்கப்பா" என்றாய் நீ.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். நீ சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கும் உன் ஆர்டரில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாது, தமிழிலேயே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒரு மனுஷன் தன் வாழ்க்கையைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிற இடத்தில் நீ விரலை விட்டு ஆட்டிவிட்டாய். அன்றைக்கு உனக்குப் பத்தொன்பது வயசு. உன்மேல் எனக்குக் கோபமும் வந்தது, உன்னைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் உனக்கு மோர் ஊற்றினேன்.

மறுநாள் நீயே குடோனுக்குள் போனாய். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது பூங்கொடியின் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்தாய். சரஸ்வதியிடம், "இனி இவளை இங்க கூட்டிட்டு வரக்கூடாதுங்க. படிக்கோணும்" என்றாய். உன் அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். பிள்ளையோடு எல்லார் முன்னாலும் சண்டை போட அவருக்கு மனசில்லை. விஷயம் வெளியே போனால் வம்பு என்ற பயமும் இருந்திருக்கும். "சரி, வேண்டாம் விடு" என்று சரஸ்வதியிடம் சொல்லிவிட்டார். நீ அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சையில் முதல் மார்க் வாங்கின நாளில் இருந்த முகம். நானும் சந்தோஷப்பட்டு, உன் பையில் நிலக்கடலை உருண்டை கூட ரெண்டு சேர்த்து வைத்தேன்.

பூங்கொடி பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள் என்று நாம் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம். சரஸ்வதியிடம் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுத் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் கேட்டுவிட்ட திருப்தியில் இருந்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது கோழிப்பண்ணை வேன் ஒன்று ரோட்டோரம் நின்றது. நம் பக்கம் பண்ணைகள் புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பொம்பளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பூங்கொடி. பெரிய ஆளின் சட்டை ஒன்றைப் பாவாடைமேல் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பொம்பளையின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

அன்றைக்கே நடந்து பண்ணைக்குப் போனேன். கொட்டகைக்குள் காலை வைத்ததும் கண் எரிந்தது. கோழி எச்சத்தின் காட்டம் அப்படி. கடலைத் தோல் பரப்பிய தரை முழுக்கக் குஞ்சுகள். பூங்கொடி ஒரு வாளியோடு குனிந்து நடந்துகொண்டிருந்தாள். செத்துக் கிடந்த குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக் குழியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், அது அவள் வேலை. பிறகு தண்ணீர்த் தட்டுகளைக் கழுவ வேண்டும். அவளோடு இன்னும் ரெண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள், அவளைவிடச் சின்னவர்கள். நான் கூப்பிட்டதும் வெளியே வந்தாள். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன். வேறு எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை. அவள் வேறொன்று சொன்னாள்.

"அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லீங்க அக்கா. எல்லாரும் பாக்க என்னக் கையப் புடிச்சு வெளிய உட்டுப்போட்டாங்க. நான் ஏதோ திருடுன மாதிரி இருந்துச்சுங்க."

இதை இன்று வரை நான் உன்னிடம் அப்படியே சொன்னதில்லை. அப்போது சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று வைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இனி உனக்கு இதுதான் வேலை. எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து நீ வெளியே கூட்டிக்கொண்டு வருவாய். வெளியே கொண்டுவருவது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சட்டம் வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முதலில் பேர் கேள். பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள், நாளைக் காலையில் எங்கே போவாய் என்று கேள்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்ததும் உன்னைப் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். நீ கொட்டகை வாசலில் நின்றாய், உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அம்மா, அவ நம்ம குடோனுக்கே வரட்டும். அதுக்கு இதுவே மேல்." உன் அப்பா அங்கேதான் இருந்தார். "இதைத்தானடா நான் சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் எனக்கு ரொம்பப் பெரிய மனுஷனாகத் தெரிந்தார்.

உங்கள் இரண்டு பேரின் சண்டையும் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவர் சொன்ன பக்கமே நீயும் வந்துவிட்டாய், இனி எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அடங்கவில்லை. கோழிப்பண்ணையைவிட நம் குடோன் மேல் என்பது சரிதான். அதைவிட மேலானது எது என்று கேட்க நம் வீட்டில் அதற்குள் ஆள் இல்லாமல் போய்விட்டது. "அந்தப் புள்ள மறுபடி தாருக்கு வராதுங்க" என்றேன் உன் அப்பாவிடம். அப்படியானால் தார் யார் சுற்றுவது என்று கேட்டார். நான் சுற்றுகிறேன் என்றேன். பூங்கொடி காலையில் அம்மாவோடு நம் வீட்டுக்கு வரட்டும், நான் தலை வாரி விடுகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பஸ் ஏறட்டும், சாயங்காலம் வந்து அம்மாவின் ஷிப்டு முடிகிற வரை நம் வீட்டில் இருக்கட்டும் என்றேன். உன் அப்பாவுக்குக் கோபம் வந்தது. குடோன்காரன் பெண்டாட்டி கூலிக்காரர்களோடு மெஷினில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது நாள் நான் போய் உட்கார்ந்தபோது தார் மெஷின் பழைய மூலையில் இல்லை. ஜன்னல் பக்கத்தில் காற்று வருகிற இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார். பூங்கொடி அத்தனை நாள் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தபோது நாங்கள் ரெண்டு பேருமே அந்த ஜன்னலை நினைக்கவில்லை.

சரஸ்வதியைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளானது. கூலி போகிறதே என்ற கவலை ஒரு பக்கம், இவர்கள் எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் ஒரு பக்கம். அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நம்மைப் போன்றவர்கள் ஒரு மாசம் உருகிவிட்டு மறந்துபோவதை அவள் பார்த்திருப்பாள். அவளுக்கு இன்னொரு தறி சேர்த்து ஓட்டக் கொடுத்து உன் அப்பா அந்தக் கூலியைச் சரிக்கட்டினார். நீ ஹாஸ்டலிலிருந்து உன் பழைய பேனா, டப்பா எல்லாம் கொண்டுவந்தாய். பூங்கொடி அதை வாங்கிக்கொண்டு உன்னிடம் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் உன்னோடு பேச ஒரு வருடம் ஆனது, ஞாபகம் இருக்கிறதா?

பள்ளிக்கூடம் போன பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று நினைக்காதே. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார அவளுக்கு வெட்கம். பஞ்சுமண்டை என்று கேலி செய்தார்கள். ஒரு நாள் பாதியில் திரும்பி வந்து குடோனில் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "எந்திரிங்க அக்கா, நீங்க மெதுவா ஓட்டறீங்க, தறியெல்லாம் நிக்குது" என்றாள். உண்மைதான், என் கை அவள் கையைப் போல ஓடாது. தறிக்காரர்கள் உன் அப்பாவிடம் முறையிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "மெதுவாத்தான் ஓட்டுவேன் அம்மணி. நின்னா நிக்கட்டும், நீ போ" என்றேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, தூசி விழுந்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்தது உன் அப்பா. அவராகவே சைக்கிளை எடுத்தார். நான் சொல்லவில்லை.

இந்த வருடம் அவள் பத்தாவது பாஸ் செய்தாள், கணக்கில் தட்டுத்தடுமாறி. மேலே படிப்பாள் என்று நான் ஆசை ஆசையாக இருந்தேன். என்ன செய்யப் போகிறாய் என்று அவளை உட்கார வைத்துக் கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன் என்றாள். பதினாறு வயசு, பாஸ் செய்த பிள்ளை, தன் கையெழுத்தைப் போட்டுச் சேர்ந்தாள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நாலைந்து வருடம் தார் மெஷினில் உட்கார்ந்ததற்கு இதுதானா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். பிறகு, அவளைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று அடங்கிவிட்டேன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறாள். அவள் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தபோது, இப்போது வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆறாவதுக்குப் போகாத பூங்கொடி அதைச் சொல்லியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பண்ணையில் அவளோடு நின்ற அந்த ரெண்டு சின்னப் பிள்ளைகளுக்கு நான் எதுவும் செய்யவில்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் என்னால் இடம் கொடுக்க முடிந்தது. அந்த வேன் இன்னும் ரோட்டில் போகிறது. என்னைப் போன்ற ஒருத்தியின் இரக்கத்தால் ஆகாதது சட்டத்தால்தான் ஆகும், அதனால்தான் உனக்கு இந்த வேலை கிடைத்ததில் எனக்கு இவ்வளவு சந்தோஷம். சட்டம் போகிற வீட்டுக்குள் நீயும் கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு வா என்பதுதான் நான் கேட்பது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றுக்கு வருகிறேன். நாளைக்கு உன் பெரியப்பா வீட்டில் உனக்கு விருந்து. ஆடு பிடித்துக் கட்டியாகிவிட்டது. அவர் குடோனில் பொங்கலிலிருந்து செல்வம் என்று ஒரு பையன் தார் சுற்றுகிறான். பத்து வயசு இருக்கும். விருந்தில் இலைக்கு இலை தண்ணீர் வைப்பதும் அவனாகத்தான் இருக்கும், உன் இலைக்கும் வைப்பான். நான் போன மாசமே உன் பெரியம்மாவிடம் பேசிப் பார்த்தேன். "உன்ர ஊட்டு ஞாயத்த உன்ர ஊட்டோட வெச்சுக்க" என்று சொல்லிவிட்டாள், அதற்குப் பிறகு கோயிலில் பார்த்தாலும் பேசுவதில்லை. பையனைப் பற்றி விசாரித்தேன். அவன் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அம்மா மில் வேலைக்குப் போகிறாள். அவர்களுக்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் நாளைக் காலையில் விருந்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போகப்போகிறேன்.

இதை இன்று காலையில், நீ குளித்துக்கொண்டிருந்தபோது, உன் அப்பாவிடம் சொன்னேன். நல்ல நாளில் ஏன் வம்பு என்பார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பொத்தானைக் கடைசி வரை போட்டு முடித்தார். பிறகு, "நீ பையன் ஊட்டுக்குப் போ. அண்ணங்கிட்ட நான் பேசறேன்" என்றார். உனக்குத் தெரியும், உன் அப்பா இத்தனை வயசுக்கும் அவர் அண்ணன் எதிரில் உட்கார்ந்து பேசியவரில்லை.

நீ வேலையில் சேர இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு உன்னிடம் ஜீப்பும் இருக்காது, அதிகாரமும் இருக்காது, நீ எங்கள் பையன் மட்டும்தான். காலையில் நான் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் கிளம்புவோம். யாரோடு வருகிறாய் என்று நீயே பார்த்துக்கொள் கண்ணு.

உன் அம்மா